காற்றாடி வீட்டுக் கிழவி

டிவியில் என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதி அனுப்பு என்றுதான் என் மகள் கேட்டாள். அதை மட்டும் எழுதுகிற புத்தி எனக்கு இருந்திருந்தால் இன்றைக்கு இதைச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை.

தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. மகள் ராஜபாளையத்தில் வாக்கப்பட்டு அங்கேயே நூல் மில்லில் வேலை பார்த்தாள். தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஒரு பொம்மைப் படம் போடுவார்கள். வரைந்தது ஜப்பான்காரன், பேசுவது இந்தி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், தமிழையே தடவித் தடவித்தான் படிப்பேன். மகளுக்கும் இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் என்ன? படத்தில் வாய் அசைய அசைய நாங்களே பேச்சைப் போட்டுக்கொள்வோம்.

படத்தில் ஒரு சிறுமி. கண் பூரி அளவுக்கு இருக்கும், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. குண்டுப் பறவை ஒன்றின் முதுகில் ஏறிக்கொண்டு தன் அம்மாவைத் தேடி ஊர் ஊராகப் போவாள். அம்மா மேகத்துக்கு மேலே ஏதோ ஓர் ஊரில் இருக்கிறாள். அங்கே எதற்குப் போனாள் என்பது இந்தி தெரிந்தவர்களுக்குத்தான் வெளிச்சம்.

"புருசங்கூட சண்ட போட்டுட்டுப் போயிருப்பா" என்றேன்.

"மேகத்துக்கு மேலயா? அங்க பஸ்ஸே கெடையாதேம்மா."

"அதனாலதாம்ட்டி அங்க போயிருக்கா. பின்னாலயே வந்து கூப்பிட முடியாதுல்ல."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "யம்மா, சிரிக்க வைக்காத, இப்பவே பொறந்துரப் போவுது" என்பாள்.

அந்தச் சிறுமியின் தலைமுடி எங்கள் டிவியில் சாம்பலாகத் தெரிந்தது. வெயிலில் அலைகிற பிள்ளை, எண்ணெய் தேய்த்துவிட ஆள் இல்லை, செம்பட்டைதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அன்று முதல் அவளுக்குப் பெயரே செம்பட்டை என்று ஆகிவிட்டது.

பேத்தி பிறந்தாள். அவள் பால் குடித்துக்கொண்டிருப்பாள், பெற்றவளின் கண் டிவியில் இருக்கும். மார்பை விட்டுவிட்டு அதுவும் திரும்பிப் பார்க்கும். இப்படியே சில மாதம் ஓடியது. மகள் மில்லுக்குத் திரும்பும் நாள் வந்தது. அவள் மாமியார் மூத்த மகன் வீட்டோடு போய்விட்டதால், ராஜபாளையத்தில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. மருமகன் ராத்திரி ஷிப்டு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அது கிடைத்துவிட்டால் பகலில் அவரும் ராத்திரியில் இவளும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் பிள்ளை என்னிடம் இருக்கட்டும் என்று பேச்சு.

பஸ் ஏறப் போகும்போது அவள் அழவில்லை. அழுதால் நான் கேலி செய்வேன் என்று தெரியும். "ஞாயித்துக்கெழமையும் எனக்குக் காலை ஷிப்டும்மா. செம்பட்ட அவ அம்மையக் கண்டுபிடிச்சாளான்னு எனக்கு எழுதி அனுப்பிரு. என்ன நடந்துச்சோ அத மட்டும்" என்றாள். பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது நான் வீட்டிலிருந்தபடியே பால்கோவாக் கடை ஒன்றுக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அச்சுப் பிசகிய அட்டைகள் என்னிடமே தங்கிவிடும். அதன் உள்பக்கம் வெள்ளை. அதில் பேனாவால் எழுதுவேன். ஓர் அட்டைக்குள் அந்த வாரக் கதை முடிய வேண்டும். எழுதிய பக்கம் உள்ளே போகும்படி பெட்டியாக மடித்துவிடுவேன். எங்கள் தெருவிலிருந்து தினமும் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போகிற டெய்லர் ஒருவர் திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

"என்ன ஆச்சி, பெட்டி கனமே இல்ல?" என்று ஒவ்வொரு வாரமும் குலுக்கிப் பார்ப்பார்.

"உள்ள இருக்கது வாயில போடுத பண்டம் இல்லய்யா, காதுல போடுதது" என்பேன். ஒருநாள்கூட அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. பாதி வழியில் பிரித்துப் பார்த்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதலில் ஒழுங்காகத்தான் எழுதினேன். பிறகு ஆடி மாதம் வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக்காற்று ஆளையே தள்ளும், ஆன்டெனா எம்மாத்திரம்? அது திரும்பிக்கொள்ள, அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் புள்ளி புள்ளியாக இரைந்ததுதான் மிச்சம். காத்திருப்பவளிடம் படம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அதற்கு முந்தின வாரம் கூரையில் காற்றாடி சுழலும் உயரமான வீட்டில் ஒரு கிழவி செம்பட்டைக்குக் கஞ்சி ஊற்றினாள். ஒரே ஒரு வாரம் வந்த கிழவி. அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் போலவே வெற்றிலையை மென்றுகொண்டு, செம்பட்டையைப் போகவிடாமல் உட்கார வைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, பறவைக்குச் சுளுக்கு எடுத்து விட்டாள் என்று எழுதினேன்.

மகளுக்குப் புதன்கிழமைதான் வார லீவு, அன்றைக்கு இங்கே வருவாள். அந்த வாரம் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"யம்மா, சாப்பாட்டு நேரத்துல வாசிச்சேன். அம்புட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாளுக. கெழவி வெத்தில போடுதான்னு எழுதியிருந்தேல்ல, ஜப்பான்ல வெத்தில கெடைக்குமான்னு ஒருத்தி கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"எங்கம்மா நேர்ல பாத்தா மாதிரி சொல்லும், நீயே வந்து கேட்டுக்கன்னுட்டேன்."

மூன்றாம் வகுப்புக்காரிக்கு இது போதாதா? தலைகால் புரியவில்லை. ஆன்டெனாவைச் சரி செய்தாயிற்று. படத்தை முழுசாகப் பார்ப்பேன், பார்த்துவிட்டு வேறொன்றை எழுதுவேன். படத்தில் செம்பட்டை கடல் தாண்டிப் போய்விட்டாள். என் அட்டையில் அவள் காற்றாடி வீட்டிலேயே இருந்தாள். மழை முடியட்டும் என்று கிழவி சொன்னாள். மழை முடிந்ததும் பறவைக்கு இறகு முளைக்கட்டும் என்றாள். பெட்டி மடிக்கும்போதும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் கிழவிக்கு அடுத்த சாக்கு என்ன என்றே யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது பேத்தி சொல்கிறாள், ஜப்பான் கார்ட்டூன்களைப் பார்த்துவிட்டு இப்படிச் சொந்தமாகக் கதை எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். இருந்துவிட்டுப் போகட்டும். அவர்கள் எதற்காக எழுதுகிறார்களோ தெரியாது. நான் எதற்காக எழுதினேன் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டிலும் அதே சாக்குகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. மருமகனுக்கு ராத்திரி ஷிப்டு கிடைத்துவிட்டது. "பிள்ளையக் கூட்டிட்டுப் போறேம்மா" என்றாள் மகள். பல் முளைக்கிற நேரம், வயிற்றால் போகும் என்றேன். பல் முளைத்தது. சளி என்றேன். "புரட்டாசி சனிக்கெழமை திருவண்ணாமலைப் பெருமாளுக்கு மொட்ட போட்டுட்டுப் பொறவு கூட்டிட்டுப் போ" என்றேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து மலைக்கோயில் அது. சாமி பேரைச் சொன்ன பிறகு அவளால் என்ன செய்ய முடியும்?

பிள்ளை என்னைத்தான் "ம்மா" என்றது. அம்மாச்சி என்று அந்த வாயில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருத்தவில்லை.

மொட்டைக்கு முந்தின மாதம் ஒரு புதன்கிழமை. மகள் வந்து கையை நீட்டினாள். பிள்ளை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் முதுகைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். வீறிட்டது.

"நா யாருன்னு கேக்காளேம்மா எம்பிள்ள" என்றாள் மகள்.

"சீ, தூக்கம்ட்டி அவளுக்கு" என்றேன்.

மகள் சாப்பிடாமலே பஸ் ஏறினாள். என் கழுத்தில் பிள்ளையின் மூச்சு சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் படத்தில் மேகம் பிளந்தது. மேலேயிருந்து ஒரு படிக்கட்டு இறங்கியது. அம்மா வந்தாள். செம்பட்டை பறவையை விட்டுக் குதித்து, விழுந்து, எழுந்து ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அந்தக் குண்டுப் பறவைகூட அழுதது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, கையைத் துடைத்துவிட்டு அட்டையை எடுத்தேன். இப்படி எழுதினேன்: மேகம் பிளந்து அம்மா வந்தாள். கையை நீட்டினாள். செம்பட்டை யாரோ என்று பார்த்தாள். கிழவி தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா வந்த வழியே திரும்பிப் போனாள். சுபம்.

திங்கட்கிழமை டெய்லர் பெட்டியை வாங்கிக்கொண்டு போனபோது கூப்பிட்டுத் திருப்பி வாங்கிவிடலாம் என்று வாசல் வரைக்கும் போனேன். அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தப் புதன்கிழமை மகள் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை மருமகனோடு நேராகக் கோயிலுக்கே வந்துவிட்டாள். மலையடிவாரத்தில் மொட்டை போட ஒரே கூட்டம். மருமகன் வரிசையில் நின்றார். நானும் மகளும் மர நிழலில் உட்கார்ந்தோம், பிள்ளை என் மடியில். அவள் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து விரித்தாள்.

"நல்லா எழுதியிருக்கம்மா."

"மில்லுல என்ன சொன்னாளுக?"

"இத வாசிக்கல." அட்டையின் மடிப்பை விரலால் நீவினாள். பிறகு, "அவ செம்பட்ட இல்லம்மா. நீலம்" என்றாள்.

"எது?"

"முடி. வேட்டிக்குப் போடுத சொட்டுநீலம் மாதிரி நல்ல நீலம். எதுத்த வீட்டுல கலர் டிவி வாங்கியிருக்காக."

"நீ எப்படிட்டி பாத்தே? காலை ஷிப்டுல்ல?"

"ஆவணியிலருந்து மத்தியான ஷிப்டும்மா."

"அப்ப அவ அம்ம வந்தத..."

"பாத்தேன். அவ ஓடிப்போயிக் கட்டிக்கிட்டா. நீயுந்தான பாத்தே."

"பொறவு எதுக்குட்டி என்னைய எழுத விட்டே?"

"காத்தாடி வீட்டுக் கெழவி எம்புட்டுத் தூரந்தான் போவான்னு பாத்தேன்."

கத்தியிருந்தால் பரவாயில்லை. நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி, மூக்கைச் சிந்தித் தப்பித்திருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த முடியும் போகப் போகிறது.

அட்டையின் மூடிப் பக்கத்தில் நான் எழுதாமல் விட்ட இடம் இருந்தது. அதில் அவள் எழுதியிருந்தாள். என்னைவிட நல்ல கையெழுத்து. "சுபம் இல்லை" என்று ஆரம்பித்திருந்தாள். அம்மா மறுபடி வந்தாள். நீல முடிக்காரி அழுதாள், அழட்டும் என்று அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். கிழவி வாரம் ஒருமுறை பறவை மேல் ஏறி மேகத்து ஊருக்கு வர வேண்டும். வராவிட்டால் கிழவிக்குப் பல்லெல்லாம் கொட்டிவிடும்.

"பல்லு மேல என்னட்டி உனக்குக் கோவம்?" என்றேன்.

"வெத்தில போட முடியாதுல்ல. அந்தப் பயத்துலயாவது வருவே" என்றாள்.

மொட்டை போட்டு, சந்தனம் தடவி, அழுத பிள்ளையை அவள் அப்படியே வாங்கிக்கொண்டாள். அடிவாரத்திலிருந்தே பஸ் ஏறினார்கள். ஜன்னலில் சந்தனத் தலை தெரிந்தது. "ம்மா, ம்மா" என்று கத்தியது. என்னைப் பார்த்துத்தான் கத்தியது.

நான் அந்த வாரம் போகவில்லை. தீபாவளி நெருங்குகிறது, கடையில் பெட்டி கேட்டு உயிரை வாங்குகிறார்கள் என்று டெய்லரிடம் சொல்லி அனுப்பினேன். அது உண்மைதான். வீம்பும் உண்மைதான். அவளாக வந்து கூப்பிடட்டும் என்று அடுத்த வாரமும் போகவில்லை, அதற்கடுத்த வாரமும் போகவில்லை. அட்டையிலும் ஒன்றும் எழுதவில்லை. எழுதுவதற்குக் கிழவியிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

தீபாவளி முடிந்து ஒரு புதன்கிழமைதான் பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மகள் கதவைத் திறந்தாள். அவள் இடுப்பில் பிள்ளை. மொட்டைத் தலையில் பூனைமுடி முளைத்திருந்தது.

"வாம்மா" என்றாள் மகள். "இந்தா பாரு, யாரு வந்திருக்கா? அம்மாச்சி!"

நான் கையை நீட்டினேன். பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தது. மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"தூக்கம்மா அவளுக்கு" என்றாள் மகள், அவசரமாக.

நான் எழுதிய இடந்தான் அது. கையை நீட்டி நிற்கிறவள் அந்த நேரம் என்ன செய்வாள் என்று மட்டும் நான் அட்டையில் எழுதவில்லை. கொண்டுவந்த பால்கோவாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.