நாக்குக்கு அடியில்

நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வதில் எங்கள் வார்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. மனநல வார்டில் நர்ஸுக்கு அது தினசரி வேலை. மாத்திரையைக் கையில் கொடுப்போம், தண்ணீர் கொடுப்போம், விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்வோம். கன்னத்தின் உள்பக்கம், மேலண்ணம், கடைசியில் நாக்குக்கு அடி. புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகள் கூச்சப்பட்டு அரைகுறையாக எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். நான் விடமாட்டேன். "அண்ணே, எனக்க கிட்ட இந்த வேலையெல்லாம் வேண்டாம், நாக்கத் தூக்கும்" என்பேன். பல பேர் சிரித்துக்கொண்டே கையில் துப்பிவிடுவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு கேரளத்தில், குன்னத்துகால் பக்கம். வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில்; இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கணவர் வளைகுடாவில். மகள் கல்லூரி ஹாஸ்டலில். வீட்டில் நானும் என் அக்காவும்தான். அக்கா தையல்காரி. முன் அறையில் மிஷின் போட்டு ஜாக்கெட்டும் பிள்ளைகளின் கவுனும் தைப்பாள். பாறசாலையிலிருந்துகூட ஆள் தேடி வரும். கல்யாணமான இரண்டாம் வருடமே அவளுக்கு முதன்முதலாக மனம் ஏறியது. தூக்கமில்லை, பேச்சு ஓயவில்லை, கைவளையைக் கழற்றி யாரோ ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்துவிட்டாள். அது இறங்கியபோது மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு இங்கேதான் இருக்கிறாள்.

பைபோலார் என்று பெயர் வைத்து, லித்தியம் கொடுத்து, நல்ல மருத்துவர் ஒருவர் அவளை நிலைப்படுத்தினார். நிலைப்பட்ட அக்கா சாதாரணப் பெண். கொஞ்சம் பிடிவாதம், கொஞ்சம் பரிகாசம், மீனுக்குப் புளி போதாது என்ற தீராத புகார். மனம் ஏறப்போகிறது என்றால் எனக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளம் உண்டு. அவள் மலையாளத்துக்கு மாறிவிடுவாள். கடைக்கும் ஆபீசுக்கும் எங்கள் எல்லோருக்கும் மலையாளம்தான், அது வேறு. வீட்டுக்குள் என்னிடம், கோழியிடம், மிஷினிடம் அவள் மலையாளத்தில் விறுவிறுவென்று பேசத் தொடங்கினால் நான் அன்றே மருத்துவருக்குப் போன் போடுவேன். ஒருமுறை அப்படித்தான் எங்கள் சபைக் கோவிலின் ஜன்னல்களையெல்லாம் திரைத்துணிக்கு அளவெடுத்து வந்தாள். தேடிப் பார்த்தால், மாத்திரைகளைச் செம்பருத்திச் சட்டியில் துப்பி மண்ணைத் தள்ளி மூடி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வீட்டிலும் நான் வார்டு நர்ஸாகவே இருந்தேன். வாயைத் திற, நாக்கைத் தூக்கு. அவள் சொன்னபடி கேட்டாள். பல வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போனதும் நானே அதை விட்டுவிட்டேன்.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் எங்கள் சபையில் வழக்கம்போல சங்கிலி உபவாசம் வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும். முறை வந்த வீட்டில் ஒருவர் உபவாசம் இருக்க வேண்டும். பகலில் தண்ணீர்கூடக் கிடையாது, அந்திக்கு உப்பில்லாக் கஞ்சி. அந்த ஆள் முடிக்கும்போது அடுத்த வீட்டுக்காரர் தொடங்குவார், சங்கிலி அறுந்துவிடக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக என் பெயரைத்தான் எழுதுவார்கள். அக்காவை யாரும் கேட்பதில்லை. அவளுக்குச் சுகமில்லை என்று அன்பாகவே ஒதுக்கிவிடுவார்கள். இந்த முறை எனக்குத் தொடர்ந்து டியூட்டி. அதோடு உண்மையைச் சொன்னால், காலையில் ஒரு சாயா உள்ளே போகாமல் எனக்கு ஜெபமே வராது. ஆகவே ஒரு காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, உபவாசத்துக்கு எனக்குப் பகரம் நீ இருக்கியா?"

மிஷினை நிறுத்திவிட்டாள். "என்னைய சேத்துக்கிடுவினுமா?"

"ஏன் சேக்காம? நான் சொல்லிக்கிடுதேன்."

"நீ சொன்னா சரியாக்கும்" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்து நாளாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்போடு பஸ் ஏறினேன்.

அதே வாரத்தில்தான், வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒருவரின் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து நான் பாடம் நடத்தினேன். "லித்தியம் திங்கிய ஆளாக்கும். வெயில் காலம். வெள்ளம் நல்லா குடிக்கணும், உப்பக் கொறைக்கப்பிடாது. ரெண்டும் கொறஞ்சா மருந்து ரத்தத்துல ஏறி விஷமாயிரும். கை கடுமையா நடுங்கினா, வாந்தி வந்தா, ஆடி ஆடி நடந்தா, ஒடனே கொண்டு வரணும், கேட்டியளா?" அந்தப் பெண் பயந்த முகத்தோடு ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். சரியாகச் சொன்னாள் என்று பாராட்டினேன். பிறகு வீட்டுக்கு வந்து, அக்கா உப்பில்லாக் கஞ்சி குடிப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்தேன். என் தட்டில் மீன்குழம்பு இருந்தது. "இத எப்பிடி உள்ள எறக்குத?" என்று கேலிகூடச் செய்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வார்டில் சொன்னது மருந்துக் காரியம். இது ஜெபக் காரியம். இரண்டையும் என் தலைக்குள் வேறு வேறு அறையில் வைத்துப் பூட்டியிருந்திருக்கிறேன், பாவி.

எங்கள் வீட்டு முறை முடிந்தது. அக்கா நிறுத்தவில்லை. பெரிய வெள்ளி வரைக்கும் இருக்கப்போவதாகச் சொன்னாள். "தொடங்கியாச்சு, எடையில முறிக்கப்பிடாது மக்கா. ஒனக்க பேருக்காக்கும் இருக்கேன், கொறயா இருக்கப்பிடாது." சரி, இரு என்றேன். பங்குனி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஈஸ்டர் உடுப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடவில்லை. உபவாசத்திலும் மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாமா என்று பெண்கள் சங்கத்துச் செயலாளரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் காலையில் நைட் டியூட்டி முடிந்து வந்தேன். அக்கா சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை பெரிதாக ஆடியது. டம்ளர் கீழே விழுந்து உருண்டது. முற்றத்தில் வாந்தி எடுத்திருந்தாள். பேச்சு வாய்க்குள்ளேயே குழைந்தது. வேலைக்களைப்பு, பசி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த எரிச்சல். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: மாத்திரையை நிறுத்திவிட்டாள், மறுபடி தொடங்கிவிட்டது.

"குளிகைய எங்க துப்புன?"

"துப்பல மக்கா."

"பொய் சொல்லாத."

"கர்த்தர் சாட்சி."

"அவர இதுல இழுக்காத."

மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. அது எனக்குப் போதவில்லை. வெளியே போய் செம்பருத்திச் சட்டியில் விரலை விட்டுக் கிளறினேன். மண்தான் வந்தது. ஒன்றும் இல்லை என்றதும் சந்தேகம் தீர வேண்டும் அல்லவா? எனக்குக் கோபம்தான் கூடியது. துப்புவதற்குப் புது இடம் கண்டுபிடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினேன். நகத்தில் மண்ணோடு உள்ளே வந்தவள், கையைக் கழுவிவிட்டு அன்றைய மாத்திரையை நானே அவள் வாயில் போட்டேன். சிரமப்பட்டு விழுங்கினாள்.

"வாயத் திற. நாக்கத் தூக்கு."

திறந்தாள். தூக்கினாள். நாக்கு வெள்ளைபடிந்து, காய்ந்து, பல்லில் ஒட்டியிருந்ததைப் பிரித்துத் தூக்கினாள். ஒரு சொட்டு எச்சில் இல்லை. இன்று கண்ணை மூடினாலும் அந்த நாக்கு அப்படியே தெரிகிறது. அன்றைக்கு அது என் கண்ணுக்கு முன்னால் இருந்தது, நான் பார்க்கவில்லை. அதற்கு அடியில் மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. "நல்ல பிள்ள" என்றேன், வார்டில் சொல்வதுபோல. பிறகு கழுத்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

அவள் எல்லாவற்றையும் தமிழில்தான் சொன்னாள். ஒரு மலையாளச் சொல்கூட இல்லை. அந்த அடையாளம் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கே அது உறைக்கவில்லை.

ஈஸ்டருக்கு ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பெண்தான் என்னை எழுப்பினாள். "அக்கா மிஷினுக்கு அடியில விழுந்து கெடக்கா." ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் தலை என் மடியில் ஆடிக்கொண்டே வந்தது. அவசரப் பிரிவில் இளம் டாக்டர் மருந்து தவறியதா என்று மலையாளத்தில் கேட்டார். நான் மனநல நர்ஸ் என்று முதலில் அறிமுகம் செய்துகொண்டேன். பிறகு, ஒரு வாரமாகவாவது மருந்தை நிறுத்தியிருப்பாள், பழைய வழக்கம் உண்டு என்று அடித்துச் சொன்னேன். அவர் நம்பினார். ஏன் நம்ப மாட்டார்? மனநல டாக்டர் வரட்டும் என்று கட்டிலை ஓரமாகத் தள்ளிப் போட்டார்கள். அந்த நேரமெல்லாம் ஒரு பாட்டில் சலைன்கூட ஏறாமல் என் அக்கா கிடந்தாள்.

மூத்த டாக்டர் ஒருவர் வந்தார். என்னிடம் கேட்கவில்லை, குனிந்து அக்காவிடம் கேட்டார். கன்னத்தைப் பிடித்து வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார். வெள்ளம் குடித்தீர்களா, கடைசியாக எப்போது? அக்கா தடித்த நாக்கோடு உபவாசம் என்றாள். மருந்து? எல்லாம் விழுங்கினேன் என்றாள். அவர் உடனே சலைன் போடச் சொல்லி ரத்தத்தை அனுப்பினார். லித்தியம் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். "ஆரு பறஞ்ஞிட்டா உபவாசம் இருந்நது?"

யார் சொல்லி இருந்தாய் என்ற அந்தக் கேள்விக்கு அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஞான் தன்னே" என்றாள். நானேதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. இல்லை டாக்டர், நான்தான் சொன்னேன் என்று ஒரு வரி. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைத் திருப்பி வைத்தேன், அதைத்தான் செய்தேன்.

உயிர் தப்பிவிட்டாள். மருந்தை மாற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். பேச்சு தெளிந்தது. கை நடுக்கம் மட்டும் முழுதாகப் போகவில்லை, போகாமலே இருந்துவிடலாம் என்றார்கள். மிஷினில் உட்காருகிறாள், ஆனால் ஊசிக்காதில் நூல் ஏறுவதில்லை. டியூட்டிக்குக் கிளம்புமுன் நான் சில ஊசிகளில் நூல் கோத்துப் பஞ்சுப்பொதியில் குத்தி வைத்துவிட்டுப் போகிறேன். சபையில் அவள் விசுவாசத்தை மெச்சினார்கள், இனி பாவம் அவளைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றும் சொன்னார்கள். அடுத்த லெந்துக்கு என் பெயரைத்தான் எழுதுவார்கள். உறவுக்காரர்கள் கேட்டால் அக்கா, "வெயில் கொண்டதாக்கும்" என்று முடித்துவிடுகிறாள்.

ஒருநாள் மீன் கழுவும்போது துணிந்து சொன்னேன். "அக்கா, ஒன்னைய நம்பாமப் போனேன். எல்லாம் எனக்க தப்பாக்கும்."

"போட்டும் மக்கா" என்றாள். "புளி கூடப் போடு."

அன்று அந்திக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, நான் டிவி பார்க்கும் இடத்துக்கு வந்து என் முன்னால் நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள்.

"வேண்டாம் அக்கா."

"நீ பாத்துக்க. ஒனக்கு ஒரு சமாதானத்துக்காக்கும்."

அன்றிலிருந்து தினமும் வருகிறாள். வேண்டாமென்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன், கோபப்பட்டும் பார்த்துவிட்டேன். நான் பார்த்துத் தலையாட்டும்வரை நகர மாட்டாள். ஆகவே பார்க்கிறேன். நாக்கு ஈரமாக இருக்கிறதா, நிறம் சரியாக இருக்கிறதா என்று நாக்கைத்தான் பார்க்கிறேன். பார்க்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டால், நான் அடியில் தேடுகிறேன் என்று நினைத்து, நடுங்கும் விரலால் நாக்கைப் பிடித்து இன்னும் மேலே தூக்கிக் காட்டுகிறாள்.