மனோன்மணி மச்சாள் தட்டிய கதவுகள்

செய்தி வந்த காலையில் நான் மச்சாளைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் குளியலறை வாளியில் அவர் ஊறவைத்த டேலியாக்கள் இன்னும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அப்போதுதான் தொலைபேசி ஒலித்தது. "அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா," என்றார் என் கணவர்.

மனோன்மணி மச்சாள் என் கணவரின் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர்; கண்டியில் அரச அலுவலகமொன்றில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். ஒன்பது வருடம் எங்களோடு இருந்தார், ஒன்பது வருடமும் என் பொறுமையைச் சோதித்தார். சனிக்கிழமை விடிந்தால் வத்தேகம சந்தைக்கு பஸ் ஏறிவிடுவார். அந்த மாதம் அந்தப் பக்கத்தில் எது பூத்ததோ, அதுதான் எங்கள் மேசைக்கு வரும். வேறெதுவும் வரக்கூடாது.

ஒருமுறை விருந்தாளிகளுக்காக நான் கடையில் ரோஜா வாங்கினேன்.

"உது எங்க வளர்ந்ததெண்டு கேட்டனீரோ?"

கேட்கவில்லை. மச்சாள் தன் ஜீனியாக்களைப் பக்கத்திலேயே வைத்தார். மூன்றாம் நாள் என் ரோஜாக்கள் தலை தொங்கின; அவருடையவை வாரம் முழுக்க நிமிர்ந்து நின்றன. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

என் அப்பா கலஹாவில் இறந்தபோது, கண்டியிலிருந்து பெரிய மலர்வளையம் கொண்டுபோனேன். மச்சாள் வெறுங்கையோடு வந்தார். வந்தவர், தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, முற்றத்துப் பூக்களைக் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

"ஏன் மச்சாள் இப்படி வீடு வீடாப் போய்க் கேக்குறீங்க? எல்லாரும் பார்க்குறாங்க!"

"ஓம், பாக்கட்டும். பூக் குடுத்தவை வீட்டுக்குள்ள நிக்க மாட்டினம். பின்னால வருவினம்."

வந்தார்கள். கடைசியாக, அப்பாவோடு பல வருடம் பேச்சில்லாதிருந்த சித்தப்பா, தன் வேலியோரத்துச் செவ்வந்திகளைத் தானே வெட்டி ஏந்திக்கொண்டு வந்தார். அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு, "அண்ணே" என்று உடைந்து அழுதார்.

பகை தெரிந்துதான் அவர் கதவையும் தட்டினீர்களா என்று மச்சாளிடம் எத்தனையோ தடவை கேட்டேன். "அவற்ற முத்தத்திலதான் நல்ல பூ நிண்டது." கடைசிவரை அதே பதில்தான்.

நேற்று மச்சாளை வழியனுப்பிவிட்டு வந்தோம். இன்று காலை முற்றத்தில் ஒரு ஜெர்பராவை வெட்டினேன். காம்பு கட்டையாகிவிட்டது, எந்தச் சாடியிலும் நிற்கவில்லை. தேநீர்க் கோப்பையில் மிதக்கவிட்டிருக்கிறேன். பிழை சொல்ல வீட்டில் ஆளில்லை.

போய் வாருங்கள், மச்சாள்.