எண்ணெய் ஒற்றும் தாள்

தோசை தட்டில் விழுந்ததும் சிவராமகிருஷ்ணன் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, உள்ளங்கையால் அழுத்தி, பத்து எண்ணுவார். பிறகு தாளை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆராய்வார். எண்ணெய்த் தடம் பளபளக்கும். "பாத்தியோ? இவ்வளவும் உள்ள போயிருக்கும்." அடுத்தது மனைவி வித்யாலக்ஷ்மியின் தோசை. அதற்குத் தனித் தாள். கலப்படத்தை அவர் அனுமதிப்பதில்லை.

கொல்கத்தாவில், டாலிகஞ்ச் மெட்ரோவுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் வசிக்கும் இந்த எழுபத்தொரு வயதுக்காரர், வங்கியில் முப்பத்தாறு வருஷம் கள்ள நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் நோட்டு வருவது நின்றது. கை நிற்கவில்லை.

அந்தக் கைக்கு மறுபடி வேலை கொடுத்தது அண்ணா மஹாதேவனின் மரணம். ஏழு வருஷத்துக்கு முன், ஒரு ஞாயிறு காலை, கடை வாசலில், எண்ணெயில் பொரித்த கச்சூரி ஒன்றில் பாதியைப் பிடித்தபடியே அவர் சாய்ந்தார். நாளுக்கு முப்பது சிகரெட் பிடித்தவர். இந்த விவரத்தைத் தம்பி சாட்சியமாக ஏற்பதில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டது கச்சூரிதான். அண்ணாவின் விரல்களைத் துடைத்துவிட்டவர் இவர். எத்தனை துடைத்தும் எண்ணெய் போகவே இல்லையாம்.

அண்ணாவின் பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரத்து வடைதான் அந்த வீட்டில் கடைசியாகப் பொரிந்தது. அன்று மாலையே நல்லெண்ணெய்க் குப்பி அவருடைய மேஜை இழுப்பறைக்குக் குடிபோனது. இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன். கடுகு வெறும் வாணலியில் வெடித்துச் சாகும். நெய் என்ற சொல்லை அவர் குரலைத் தாழ்த்தித்தான் உச்சரிப்பார்.

துர்கா பூஜை அஷ்டமியன்று எதிர்வீட்டு சுப்ரியா சுடச்சுட லுச்சிப் பூரி கொண்டுவந்தாள். அவள் எதிரிலேயே இவர் தாளை எடுத்தார். "தாதா, இது நான் பொரிச்சது. அச்சடிச்சது இல்ல" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டுப் போனாள். வித்யாலக்ஷ்மி சிரித்தாள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு.

அவள் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. "ஒரு மனுஷர் இப்படிப் பயந்துண்டு கிடக்கறச்சே நான் மட்டும் எண்ணெய் விட்டுண்டு சாப்பிட முடியுமோ?" என்று மகள் மதுவந்தியிடம் போனில் சொல்வாள். ரவிக்கைகளை மூன்று முறை பிடித்துத் தைத்தாயிற்று. தலைமுடி சீப்போடு போயிற்று. இந்தக் குளிர்காலத்தில், பாதி நிறைந்த வாளியைத் தூக்கும்போது வலது மணிக்கட்டு முறிந்தது.

ஜாதவ்பூர் டாக்டர் வங்காளி, சின்னப் பெண்; அவளுக்கு இவர்கள் மாஷிமா, மேஷோமஷாய், அதாவது சித்தி, சித்தப்பா. வித்யாலக்ஷ்மியின் எடை பார்த்தாள். முப்பத்தாறு கிலோ. "என்ன சாப்பிடறீங்க, மாஷிமா?" என்றாள். பதில் சொன்னவர் சிவராமகிருஷ்ணன், பெருமையாக, ஸ்பூன் கணக்கோடு. கேட்டுவிட்டு டாக்டர் பேனாவை மூடி வைத்தாள்.

"ஏ, டி, ஈ, கே. கொழுப்பு இல்லாம இந்த நாலு விட்டமினும் உடம்புல சரியா சேராது. பொரிச்சதைக் குறைங்க, சரி. எண்ணெயே கூடாதுன்னு யார் சொன்னது? இவங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு ஸ்பூன் வேணும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையும்."

"எங்க அண்ணா..." என்று ஆரம்பித்தார்.

"இவங்க உங்க அண்ணா இல்லையே, மேஷோமஷாய்."

வீட்டுக்கு வந்ததும் அவர் இழுப்பறையைத் திறந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தார். அவள் கைதான் மாவுக்கட்டில் இருக்கிறதே; தாமே அடுப்படியில் நின்று, தோசையைச் சுற்றி ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் விட்டார். மூன்றாவதில் பாதி அடுப்பில் சிந்திற்று. ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் பிய்ந்த தோசையை அவள் முன் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார்.

திரும்பியபோது, வித்யாலக்ஷ்மி இடது கையால் தோசைமேல் தாளை விரித்து அழுத்திக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. ஏழு, எட்டு, ஒன்பது.

"வித்யா, வேண்டாம்."

"அடடா, கை தானாப் போயிடுத்து" என்று தாளை எடுத்து, வழக்கம்போல அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகவில்லை. எண்ணெய் பட்ட பக்கம் கீழே இருக்கும்படி மறுபடி தோசைமேல் விரித்து, உறிஞ்சினதைத் திருப்பிக் கொடுப்பவர்போல உள்ளங்கையால் அழுத்தினார். பத்து தாண்டியும் கையை எடுக்கவில்லை.