கிளட்ச் அக்காவின் முதல் ஆல்பம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில், அவளிடம் படித்தவர்கள் வைத்த பெயர்தான் கிளட்ச் அக்கா. "கிளட்ச், கிளட்ச், கிளட்ச்!" என்று அவள் போடும் கூச்சல் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டுகிற மகானுபாவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்தே அவளுடைய வலது கால் உரமேறிவிட்டது. அந்தக் காலைத்தான் ஊரில் மூன்று இசைக்குழுக்கள் பங்கு போட்டுக்கொண்டன. கிதார் வாசிக்கத் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். டிரம்ஸ் அடிக்க, அதுவும் சொன்ன நேரத்துக்கு வந்து அடிக்க, அக்காவை விட்டால் ஆள் கிடையாது.

பல் டாக்டரின் குழு ஜாஸ். சாதாரண ஜாஸ் இல்லை. தப்பித்தவறி மெட்டு மாதிரி ஏதாவது வந்துவிட்டால், டாக்டர் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பார். அக்காவின் நாத்தனாருடைய குழு ஹெவி மெட்டல். அவள் பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, கிதாரை மாட்டினால் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். மூன்றாவது ஆள் எக்கோ, செல்போன் பழுது பார்க்கிறவன். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய மெத்தையும் வைத்து அடித்து, ஸ்டுடியோ என்று பெயர் சூட்டியிருந்தான். அவன் போடுவது டப். ஒரு தட்டு தட்டிவிட்டு, அது எதிரொலித்து எதிரொலித்து அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தட்டுகிற சங்கதி. "கம்மியா அடிங்கக்கா, இன்னும் கம்மியா" என்பதுதான் அவன் ஓயாமல் சொல்வது.

மூன்று இடத்திலும் அக்கா இரவல் ஆள்தான். மேடைக்குக் கூப்பிடுவார்கள், ஆல்பம் என்று வரும்போது கம்ப்யூட்டரையே தாளம் போட வைத்துவிடுவார்கள். இத்தனை வருஷம் அடித்தும் அவள் அடித்த ஒரு அடிகூட எங்கேயும் பதிவாகவில்லை. அது அவளுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்து கேட்டால்தானே! கேட்பது இருக்கட்டும், அவள் வாயில் 'முடியாது' என்ற சொல்லே வராது. "டாக்டர் உன் பல்லையெல்லாம் கழட்டித் தரச் சொன்னாக்கூட, எத்தனை மணிக்கு வரணும்னுதான் கேப்ப" என்பார் அவள் கணவர்.

ஒரு தடவை, அவளை மட்டும் வைத்து ஒத்திகை பார்க்க மூவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியத்தைக் கேட்டார்கள். மூவருக்கும் சரி சொல்லிவிட்டாள். இரண்டு பேரையாவது தட்டிக்கழிக்கலாம் என்று போனை எடுத்தாள். டாக்டரிடம் பேசி முடிப்பதற்குள், மதியச் சாப்பாடும் தானே கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். நாத்தனாரிடம், அவளையும் அவளுடைய ஆம்ப்ளிஃபயரையும் காரில் ஏற்றி வருவதாக. எக்கோவுக்குப் போனே போடவில்லை.

ஒத்திகைக்கு ஊரில் இருந்ததே எக்கோவின் அறை ஒன்றுதான். மூவரும் அங்கே நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள்.

"அண்ணி, இவர் யாரு?"

"பல் டாக்டர்."

"என் பல்லு நல்லாத்தானே இருக்கு?"

"மேடம், இன்னைக்கு நம்ம ஒத்திகைதானே?" என்றார் டாக்டர்.

"இல்லையே சார், அக்கா எனக்குல்ல வாக்குக் குடுத்திருக்காங்க" என்றான் எக்கோ.

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது. நேராகப் போய் டிரம்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவள் மாதிரி உட்கார்ந்தாள். வலது கால் தானாகப் பெரிய டிரம்மின் மிதிகட்டைக்குப் போனது. ஓங்கி ஒரு மிதி. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு மிதி.

டாக்டரால் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்க முடியும்? சாக்ஸபோனை எடுத்து, கதவிடுக்கில் விரல் சிக்கியவர் போல ஒரு அலறல் விட்டார். நாத்தனார் கிதாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, அந்த அலறலுக்கு அடியில் ஒரே ஒரு கனத்த ஸ்வரத்தை இழுத்தாள். எக்கோ பாய்ந்து போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தி, அக்காவின் ஒவ்வொரு மிதியையும் எதிரொலிக்குள் தள்ளிவிட்டான். சாயங்காலம் நிறுத்தியபோது நான்கு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். சண்டை போட வந்தது ஒருவருக்கும் நினைவில்லை.

"அடுத்த ஞாயிறு?" என்றாள் நாத்தனார். அதை எல்லாரும் கேட்கும்படிச் சொன்னாள்.

பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள். அந்தப் பதிவிலிருந்து நால்வரின் ஆல்பம் ஒன்று வளர்ந்தது. அக்கா வீட்டில் "என் ஆல்பம், என் ஆல்பம்" என்று பீற்றிக்கொண்டதில் கணவருக்குக் காது புளித்துவிட்டது.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டுதான் எல்லாவற்றிலும் நீளமானது. எக்கோ அதன் ஒலிகளையெல்லாம் கலந்து முடித்து, மற்ற மூவரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். பாதியில் டிரம்ஸ் நின்றுபோனது. சாக்ஸபோனும் கிதாரும் மட்டும் புகை மாதிரி மிதந்தன.

"பின்பாதியில டிரம்ஸ எடுத்துட்டேன். அந்த வெறுமைதான் அழகு" என்றான் எக்கோ, பெருமையாக.

"பிரமாதம்" என்றார் டாக்டர். நாத்தனாரும் தலையாட்டினாள்.

"சரிதானேக்கா?"

அக்காவின் தொண்டை வரைக்கும் 'சரி' வந்துவிட்டது. பழக்கம். நன்றாகத்தான் இருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும், அவள் காலே இல்லாமல் அவள் ஆல்பம் முடிவதா? வலது கால் தன்னால் தரையை அழுத்திற்று, பிரேக் அங்கே இருக்கிற மாதிரி.

"முடியாது" என்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சொன்னவளே பயந்துபோய்ச் சுவரில் இருந்த முட்டை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி மூன்று குழுக்களும் தன்னைக் கைகழுவிவிடும் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

"சரிக்கா" என்றான் எக்கோ. "அப்ப டிரம்ஸ வச்சுட்டு மத்த ரெண்டையும் எடுத்துடறேன்."

"ஐயையோ!" என்றார் டாக்டர்.

"கேட்டுட்டுச் சொல்லுங்க சார்."

இவ்வளவுதானா? ஒரு சொல். வானம் இடிந்து விழவில்லை. நாத்தனார்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இதைச் சொல்லவா இத்தனை வருஷம் என்று தன் மேலேயே கோபமும் வந்தது.

எக்கோ திரும்பவும் போட்டான். கிதார் கரைந்தது, சாக்ஸபோன் ஓய்ந்தது. அவளுடைய மிதி மட்டும் தனியாக வந்தது. ஒவ்வொன்றும் அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்கோ தூரத்துக்குப் போயிற்று.

"நல்லாத்தான் இருக்கு, போங்க" என்றார் டாக்டர், விட்டுக்கொடுக்க மனசில்லாமல்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எக்கோவின் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வை."