தவிட்டுக்கு என்னை விற்ற சவேரியம்மா

சவேரியம்மா போய்விட்டார். இன்று காலை, கொடைக்கானலில், மகன் வீட்டில்.

அவர் பேத்தி போன் செய்து சொன்னாள். வயது நூற்றை நெருங்கிவிட்டது, அதனால் அதிர்ச்சி என்றெல்லாம் சொல்ல முடியாது... ஆனாலும் இன்று வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

இங்கே இருக்கும் நண்பர்கள் பலருக்கு அவரைத் தெரியாது. எனக்கு என்ன உறவு என்று கேட்டால் ஒரே வரிதான். ஒரு படி தவிட்டுக்கு என்னை விற்றவர்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த பிள்ளையை, பிள்ளைகள் நன்றாக இருக்கும் வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்து விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். இது வேறு யார் வீட்டுப் பிள்ளையோ என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. அப்பா மேல்மலைக் கிராமமான போளூரிலிருந்து பூண்டும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து கொடைக்கானல் மார்க்கெட்டில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

பக்கத்து லைன் வீட்டில் சவேரியம்மா... ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் ஆயா வேலை. நான்கு பிள்ளைகள், நால்வரும் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார்கள்.

அம்மா என்னை அரிசி புடைக்கிற சொளகில் வைத்து அவர் வாசலில் விட்டுவிட்டு வந்தாள். சவேரியம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத கத்தோலிக்கர், எமனை ஏமாற்றும் வேலையெல்லாம் அவருக்கு ஒத்துவராது. ஆனாலும் தூக்கிக்கொண்டார்.

வழக்கமாகக் கையோடு திருப்பி வாங்கிவிடுவார்கள். எனக்குக் காய்ச்சல் கண்டதால், அது விடும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று அம்மா விட்டுவிட்டாள். பால் கொடுக்க மட்டும் விருந்தாளி மாதிரி வந்துபோவாளாம்.

காய்ச்சல் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் கண் செருகிவிட்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். விஷயம் தெரிந்து மாதா கோயில் உபதேசியார் வந்தார்.

"பிள்ளை நிக்காது போல சவேரியம்மா. இப்ப ஒங்க பிள்ளைதானே, தலையில தண்ணிய ஊத்துங்க. ஆத்துமாவாவது மோட்சம் போகட்டும்."

சாகக்கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். கொடுக்காமல் விட்டால் அந்தக் குழந்தைக்கு மோட்சம் கிடையாது என்று சவேரியம்மா மனதார நம்பியவர்.

அவர் ஊற்றவில்லை.

"அவ நம்பி வச்சிட்டுப் போயிருக்கா உபதேசியாரே. அவளைக் கேக்காம எப்படிங்க செய்றது? கேக்கவும் முடியல... கேட்டா, பிள்ளை போயிரும்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்."

நான் பிழைத்துக்கொண்டேன். அம்மா தவிட்டோடு வந்து என்னை வாங்கிப்போனாள். அந்தத் தவிட்டை ஏதோ ஒரு மாடு தின்றிருக்கும்.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் நான் பார்த்த சவேரியம்மா கறார் பேர்வழி.

கிறிஸ்துமஸ் வந்தால் பங்களா துரைசாணி கொடுத்த பழைய திரைத்துணியில் அவர் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பார், எனக்கும் ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு அவர்களோடு பூசைக்கு ஒட்டிக்கொண்டால் மட்டும் பாதி வழியில் நிறுத்திவிடுவார்.

"ஏலே, ஒங்கம்மாட்ட கேட்டியா? கேட்டுட்டு வா."

அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வாள். தெரிந்தேதான் அனுப்புவார். கேக் மட்டும் வீடு தேடி வந்துவிடும்.

பழனியில் எனக்கு மொட்டை போட்டபோதும் துணைக்கு வந்தார். வத்தலக்குண்டு போய் பஸ் மாறிப் போகவேண்டும், மலை இறங்கும்வரை நான் அவர் மடியில்தான் வாந்தி எடுத்தேனாம்.

அவர் மலை ஏறவில்லை. அடிவாரத்தில் எங்கள் செருப்புக்கும் மூட்டைக்கும் காவலாக உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

பஞ்சாமிர்தம் அவர் கேட்கவில்லை, அம்மாவும் நீட்டவில்லை. இரண்டு பேருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் மதுரைக்குக் காலேஜ் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர், அந்தக் காய்ச்சல் கதையை அங்கேதான் முதல்முறையாகச் சொன்னார்.

"தண்ணி ஊத்தியிருந்தா ஒங்கம்மாவுக்குத் துரோகம். ஊத்தாம விட்டது எனக்குப் பாவம். சரி, அது நம்ம தலையோட போகட்டும்னு விட்டுட்டேன்."

"பங்குச் சாமியார்ட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? ஒனக்காகத் தினம் செபமாலை சொல்லச் சொன்னாரு."

"எத்தனை நாளைக்கு?"

"அதை அவரும் சொல்லல, நானும் கேக்கல. வெரசா ஏறு, பஸ்ஸு கெளம்புது."

எனக்கு எந்தச் சாமி மேலும் நம்பிக்கை வரவில்லை. பிற்பாடு ஒரு லீவில் போனபோது, இன்னும் எதற்கு எனக்காகச் செபம் என்று அவரிடமே கேட்டேன்.

"நம்பாதது ஒன் சோலி. இது என் சோலி," என்றார். மாலைச் செபத்துக்காகச் சுற்றி முழங்காலில் நின்ற பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள், ஒருத்தி தலையில் குட்டு விழுந்தது.

அந்தக் குட்டு வாங்கியவள்தான் இன்று போன் செய்தவள். வைக்கும் முன் இன்னொரு விஷயம் கேட்டாள்... அஞ்சலி போஸ்டர் பிரிண்டுக்குப் போக வேண்டுமாம்.

"பிள்ளைகள்னு வர்ற எடத்துல உங்க பேரையும் சேக்கச் சொல்லியிருக்காங்க பாட்டி. ஆனா உங்களைக் கேட்டுட்டுத்தான் போடணும்னு சொல்லிட்டாங்க, அங்கிள்."

போடும்மா என்றேன்.

நாளை அடக்கம். பஸ்ஸில் இருக்கிறேன்.

போய் வாருங்கள், சவேரியம்மா.