தொப்பிச் சின்னத்தின் பின்பக்கம்

கியூபெக் மாகாணம் தனி நாடாகப் போவதா என்று வாக்கெடுப்பு நடந்த ஆண்டு அது, 1995. ஐப்பசி மாதம். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய தொப்பிச் சின்னங்களைச் சேர்த்து, எது எந்தக் காலத்தது, எது அசல், எது பின்னாளில் அடித்த நகல் என்று பிரித்து வைப்பது அப்போது என் பொழுதுபோக்கு. கோயிலில் யாரோ சொல்லக் கேட்டு ஒருவர் வீடு தேடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. அந்த உடுப்போடேயே வந்திருந்தார்.

மேசையில் பஞ்சு விரித்து நான் அடுக்கியிருந்தவற்றைப் பார்த்தார்.

"வெள்ளைக்காரன் கழட்டி எறிஞ்ச தகரத்துக்கு மெத்தையும் போட்டு வைச்சிருக்கிறியள்."

"எறிஞ்சதனாலதான் என் கைக்கு வருது சார். உட்காருங்க."

பையிலிருந்து ஒரு சிறு பலகையை எடுத்தார். அதன் நடுவே மெழுகால் ஒட்டிய பித்தளைச் சின்னம் ஒன்று இருந்தது. அவருடைய அப்பாவுடையதாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து போனவர். கப்பல் மூழ்கிவிட்டது, ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தபோது இவர் கைக்குழந்தை. இறந்த திதி தெரியாததால் தந்தி வந்த நாளின் திதியில்தான் ஆண்டுதோறும் திவசம். புகைப்படம் ஒன்றும் மிஞ்சாததால் படையலுக்கு முன்னால் இந்தப் பலகையை வைப்பார்களாம்.

"மகள் பள்ளிக்கூடத்திலை அப்பப்பாவைப் பற்றி எழுத வேணுமாம், பிரெஞ்சிலை. எந்தப் படை, எந்தக் காலம் எண்டு கேக்கிறாள். எனக்கே தெரியாது பாருங்கோ. அம்மாவைக் கேட்டால் அடுப்படிக்குப் போயிடுவா. இதை எடுத்து வந்ததும் அவவுக்குத் தெரியாது."

படைப்பிரிவைச் சொல்வது எளிதாக இருந்தது. துப்பாக்கி, மண்வெட்டி, பிக்காசு, சுற்றிலும் இலை வளையம். வீதியும் பாலமும் போடுகிற பிரிவு, அந்தப் போருக்காகவே தொடங்கியது. காலத்தைச் சொல்லத்தான் கிரீடம் வேண்டும். அரசர் காலத்துக் கிரீடத்தின் வளைவு குடைபோல் மேலே எழும்பி நிற்கும். 1952இல் அவர் இறந்து மகள் அரசியான பிறகு வந்த கிரீடத்தில் வளைவு நடுவே பள்ளமாகும். இந்தச் சின்னத்தில் கிரீடம் இருந்த இடம் ஒரு மழுங்கிய மேடு. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் அவர் அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாராம். எத்தனையோ வருடத்துத் தேய்ப்பு. மண்வெட்டியின் கோடுகள் ஓரளவு தெரிந்தன. கிரீடம்தான் அதிகம் போயிருந்தது.

இந்தச் சின்னங்கள் மெல்லிய தகட்டை அச்சில் வைத்து அடித்தவை. முன்னால் புடைத்திருப்பது பின்னால் குழிந்திருக்கும். பின்பக்கத்தில் புளி படவில்லை, மெழுகு அதை மூடியே வைத்திருந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டு வெந்நீரில் வைத்து மெழுகை இளக்கிக் கழற்றினேன். விளக்கடியில் திருப்பிப் பிடித்தேன். கிரீடத்தின் குழிவு புதிதாக அடித்ததுபோல் இருந்தது. வளைவு நடுவே பள்ளம்.

நான் அதையே திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "என்ன, கள்ளச் சாமானோ?" என்று சிரித்தார்.

"நகல் மாதிரி தெரியல. ஆனா அசலோ நகலோ, இது 1952க்கு முன்னாடி இருந்திருக்க முடியாது."

"எனக்கு அப்ப பத்து வயசெல்லே," என்றார். பிறகு சிரிக்கவில்லை. "வேறை ஆரும் தந்ததாயிருக்கும்" என்றார். சின்னத்தை வாங்கித் தானும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, "இல்லாட்டி, அப்பாவேயோ?" என்றார். இரண்டில் எது என்று சொல்ல அந்தப் பித்தளையில் இனி எதுவும் இல்லை. அதையும் சொன்னேன்.

தனியாகப் போய் அம்மாவைக் கேட்க அவருக்கு மனமில்லை, என்னையும் கூப்பிட்டார். வில்லரே என்ற பகுதியில் இரண்டாம் மாடி வீடு. அவர் அம்மா ஒடிசலான மனுஷி, வெள்ளைச் சேலைமேல் கம்பளிச் சட்டை. பலகையையும் தனியே கிடந்த சின்னத்தையும் பார்த்தார். மகனை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

"பின்பக்கம் பார்த்தனீரோ, தம்பி?"

"பார்த்தேன்மா."

"எந்தக் காலமாம்?"

"ஐம்பத்திரண்டுக்குப் பிறகு."

தலையை ஆட்டினார். தெரியாததைத் தெரிந்துகொண்டவரின் ஆட்டம் அல்ல அது.

"ஆரம்மா கொண்டு வந்து தந்தது?" என்றார் மகன்.

"படலைக்கு வெளியிலை நிண்டு நீட்டினார். உள்ளை வரச் சொன்னன், வரேல்லை. நான் சேலைத் தலைப்பாலை முகத்தை மறைச்சுக்கொண்டு நிண்டனான். கையைத்தான் பார்த்தது."

"முகத்தைப் பார்க்கேல்லையோ?"

"வெள்ளிக்கிழமை திவசத்துக்கு ஐயர் வாறார். சந்தையிலை வாழைக்காய் கிடந்தால் வாங்கு," என்றபடி மெழுகுதிரியைக் கொளுத்தி, சின்னத்தைப் பழைய இடத்தில் ஒட்டத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். ஜான்-டலோன் சந்தை வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு, எல்லாம் இலையில் இருந்தன. பலகை முன்னால் இருந்தது. அந்த வாரம் அதைத் துலக்கவில்லை போலும், பித்தளை மங்கியிருந்தது. ஐயர் தர்ப்பையை மகன் விரலில் மாட்டினார்.

"தகப்பனார் பேரைச் சொல்லும்."

மகன் வாயைத் திறந்தார். சொல்லவில்லை. அடுத்த வேலைக்கு நேரமாகிறது என்பதுபோல் ஐயர் மறுபடி கேட்டார். எள்ளும் தண்ணீரும் உள்ளங்கையில் நின்றன. உயிரோடிருக்கக் கூடியவருக்கு எள்ளிறைக்கும் மகனாக அவர் இருக்க விரும்பவில்லை. அதைத் தாயைக் கேட்காமல் நிறுத்தவும் அவரால் முடியவில்லை.

அடுப்படி வாசலில் நின்ற அம்மா பெயரைச் சொன்னார்.

எங்கள் பக்கத்தைப் போலவே அவர்கள் பக்கத்திலும் அந்தத் தலைமுறைப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை. அம்மா அதைச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை என்று மகன் பிறகு என்னிடம் சொன்னார். செத்தவர் பெயரைப் பூசைக்கு எடுத்துக் கொடுக்கிற குரலாக அது இல்லை. கூடத்திலிருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

சொல்லிவிட்டு வாசல் கதவைப் பார்த்தார். மகன் திரும்பிப் பார்த்தார், நானும் பார்த்தேன். மந்திரத்தைத் தொடங்கியிருந்த ஐயரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பிறகு மகன் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லித் தண்ணீரை விட்டார்.