சின்னம்மாவின் கடைவாய்

பேரனுக்கு வயிற்றுவலி. மருமகள் போனில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "இத போன்ல பாத்துச் சொல்லக் கூடாதும்மா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எனக்குச் சின்னம்மா ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன வயதில் நான் சின்னம்மா வீட்டில்தான் வளர்ந்தேன். ராயப்பேட்டைச் சந்தில் அவள் தொக்கம் எடுப்பாள். தின்றது குடலில் ஒட்டிப் பிள்ளை சோர்ந்து கிடந்தால், எண்ணெய் தடவி, தொப்புளில் வாய் வைத்து உறிஞ்சி, ஒரு துண்டைக் கையில் துப்பிக் காட்டுவாள். எனக்கும் ஒருமுறை இட்லித் துணுக்கு எடுத்தாள். மறுநாளே ஓடி விளையாடினேன். சின்னம்மாவுக்குள் சாமி இருக்கிறது என்று நம்பியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல் நிறையக் கூட்டம். மயிலாப்பூர் குளத்தருகே பூ விற்கும் பெண் தன் சின்ன மகனைத் தூக்கி வந்தாள். பச்சையாய் வாந்தி. வயிறு பலகை மாதிரி. தொட்டதும் அலறினான். சின்னம்மாவின் கை அப்படியே நின்றது.

"இது என் வேலை இல்ல. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடு."

"அங்க வயித்தக் கிழிச்சிடுவாங்கோக்கா. பெரியவனுக்கு நீதான எடுத்த? இவனுக்கும் எடு."

எவ்வளவு சொல்லியும் பூக்காரி எழவில்லை. பையனுக்குக் கண் செருகியது. சின்னம்மா தன் கடைவாயில் விரலை விட்டாள். ஊறிப்போன தோசைத் துண்டு ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா, பாத்துக்கோ. உன் பெரியவனுக்கு எடுத்ததும் இங்கேர்ந்துதான். எனக்கு ஒரு எழவும் தெரியாதுடி. எழுந்து ஓடு!"

"அப்ப என் வயித்துல எடுத்தியே மீன் முள்ளு, அது உன் வூட்டுக் கொயம்புலதா?" என்றார் ரிக்‌ஷாக்காரர் ஒருவர். கூட்டம் சிரித்தது, வைதது. பூக்காரி மண்ணை வாரித் தூற்றிவிட்டு, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். கேட்ட ரிக்‌ஷாக்காரரே வண்டியை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்படியென்றால் என் இட்லித் துணுக்கு? அன்று அவள் பிசைந்து கொடுத்த சோற்றை நான் தொடவேயில்லை.

அதற்கப்புறம் வாசலுக்கு யாரும் வரவில்லை. சின்னம்மா பத்துப்பாத்திரம் தேய்க்கப் போனாள். ஒருநாள் பூக்காரி மட்டும் வந்தாள், வயிற்றில் தையல் போட்ட பையனோடு.

"ஒருவாட்டி தொட்டு வுடுக்கா, போதும்."

சின்னம்மா பையனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள்.

பொய்க்காரிக்கு இப்போதாவது வெட்கம் வந்ததே என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.